கொல்லாத வில்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நீலகிரியில் ஒரு வில் உண்டு. அந்த வில்லால் இன்றுவரை ஒரு முயல்கூடச் செத்ததில்லை. அதன் தண்டு ஒரு புதர்ச்செடியின் கிளை. அதன் அம்பு ஒரு புல்லின் தாள். கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் வில்லைப் பற்றிப் பேசுவதென்றால் அந்த வில்லில்தான் போய் முடிய வேண்டும். ஆனால் அதை அடையுமுன் நடந்து கடக்க வேண்டிய தொலைவு கொஞ்சம் உண்டு.

வில் தமிழுக்கு மட்டும் உரிய சொல் அன்று. மலையாளத்திலும் தெலுங்கிலும் அது வில்லு, கன்னடத்தில் பில்லு, சிந்து நதிக்கு மேற்கே பலுச்சிஸ்தானத்துப் பிராகூயி மொழியிலும் பில். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் இந்தச் சொற்கள் ஒரே எண்ணின் கீழ் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். தமிழிலோ இதற்குச் சிலை, தனு, கொடுமரம் என்று வேறு பெயர்களும் உண்டு. அம்புக்குக் கணை, வாளி, பகழி. நாணின் வளையம் சென்று மாட்டும் வெட்டுக்குக் குதை என்று பெயர். விரலைக் காக்கும் தோலுறைக்குப் புட்டில் என்று பெயர். இன்று வில்வித்தை பயிலச் செல்லும் இளைஞர், கருவியின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஆங்கிலப் பெயரையே கற்று வருகிறார். நிகண்டுகளில் உறங்கும் சொற்களைப் பயிற்சிக் களத்துக்குக் கொண்டுசென்று சேர்ப்பார் இல்லை. கவிஞர்கள் செய்யக்கூடிய சிறு பணி இது.

அவற்றுள் ஒரு சொல் கவிஞர்களுக்கே உரியது. தொடை. மோனையும் எதுகையும் தொடை. பூவைக் கட்டினால் தொடை. நாணும் தொடை, நாணில் வைத்து விடும் அம்பும் தொடை. மாலை தொடுப்பதும் பா தொடுப்பதும் கணை தொடுப்பதும் ஒரே வினையாகத் தமிழில் இருப்பது தற்செயல் என்று கொள்வதற்கில்லை. ஒன்றன்மேல் ஒன்றைப் பொருந்த வைப்பதே மூன்றிலும் நிகழ்கிறது.

எனினும் தற்காலக் கவிதையில் வில் பெரும்பாலும் கையில் பிடிக்கப்படாத வில். புருவம் வில்லாகிறது, வானம் வில்லாகிறது, சொல் அம்பாகிறது. பிடித்துப் பார்த்தவர் எழுதிய வரி அரிதாகவே கிடைக்கிறது. சங்கப் புலவர் நிலை வேறு. வன்பரணர் கொல்லிமலை வல்வில் ஓரியைப் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டில், எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானையும் பன்றியையும் உருட்டி, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. மிகைதான். ஆனால் அந்தப் பாட்டின் உயிர் அந்த மிகையில் இல்லை. தன் பெயர் சொல்லிப் பாடியதைக் கேட்டு அந்த வில்லாளன் நாணினான் என்று புலவர் குறித்திருக்கும் இடத்தில்தான் அது இருக்கிறது. வில்லின் நாணும் வில்லாளனின் நாணமும் ஒருங்கே நிற்கும் இடம் அது.

இனிப் பொழுதுபோக்கு என்னும் பொருளுக்கு வரலாம். அச்சொல்லைத் தமிழ் இலக்கியவாணர்கள் வசையாகவே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். வில்லின் வரலாறோ அச்சொல்லுக்குக் கொஞ்சம் மரியாதை தேடித் தருகிறது. இங்கிலாந்தில் 1595இல் அரசவை ஆணையொன்று படைப்பயிற்சியில் வில்லுக்குப் பதிலாகத் துப்பாக்கியைக் கொள்ளச் சொன்னது. போரில் பயனற்றுப்போன வில் அதற்குப் பிறகே விளையாட்டாக வளர்ந்தது. 1781இல் அதற்கென்று சங்கம் ஒன்று இலண்டனில் கண்டார்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்ததும், தோற்ற தெற்குப் படையிலிருந்து திரும்பிய மாரிஸ் தாம்சன் தன் தம்பியோடு வில்லெடுத்துக் காட்டில் அலைந்தார். 1878இல் அவர் எழுதிய நூல்தான் அந்நாட்டில் வில்வித்தையைப் பொதுமக்களின் பொழுதுபோக்காக்கியது. ஆயுதம் ஓய்வு பெற்ற பிறகு அதை அன்போடு எடுத்து வைத்துக்கொள்வது மனிதரின் வழக்கம் போலும்.

இந்த வரலாற்றில் ஒரு கிளை நேரே நீலகிரிக்கு வருகிறது. 1911இல் கலிபோர்னியாவில் யாஹி என்னும் குலத்தில் எஞ்சிய ஒரே மனிதர் காட்டைவிட்டு வெளியே வந்தார். இஷி என்று அவரை அழைத்தார்கள். அது அவர் பெயரன்று. அவர் மொழியில் மனிதன் என்று பொருள். பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் 1916இல் இறக்கும்வரை வாழ்ந்த அவரிடம், சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். அவர் பின்னர் எழுதிய நூலைப் படித்து வில்லெடுத்தவர்கள் பலர். அதே இஷியிடம் 1915 கோடையில் அமர்ந்து அவர் மொழியைக் குறித்துக்கொண்டவர் எட்வர்ட் சபீர். அந்தச் சபீரின் மாணவரே மேலே சொன்ன எமனோ. 1935இல் இந்தியாவுக்கு வந்து நீலகிரியில் தங்கித் தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் பதிவு செய்தவர் அவர்தான். ஒரு குலத்தின் கடைசிக் குரலைக் கேட்ட ஆசிரியரின் மாணவர், மறைந்துவிடும் என்று பலரும் ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்த இன்னொரு சிறு குலத்தின் பாடல்களைத் தேடி உதகைக்கு வந்தார்.

வில்லைக் கையில் எடுப்பவருக்கு என்ன நேர்கிறது? முதல் வியப்பு, வில் அம்பைவிடக் கடினம் என்பது. புதிதாகப் பழகுவோருக்கு இருபது ராத்தல் இழுவையுள்ள வில்லே போதும் என்று பயிற்றுநர் கூறுவார்கள். கேட்கச் சிறிதாகத் தோன்றும் அந்த எடையை இழுத்துப் பிடித்து, நாண்பிடித்த கையைத் தாடையின் அடியில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, மூச்சை அடக்கி நிற்கும்போது, தோளில் இதுவரை இருப்பதே தெரியாத தசைகள் தம்மை அறிவித்துக்கொள்கின்றன. கையால் இழுப்பவர் சீக்கிரம் சோர்வார். முதுகால் இழுக்க வேண்டும். நாணை விடுவது என்பதும் ஒரு செயலன்று. விரல்களை விரித்தால் அம்பு விலகும். பிடியைத் தளர்த்தினால் நாண் தானே போய்விடும்.

இரண்டாவது வியப்பு, அம்பு நேராகப் போவதில்லை என்பது. வள்ளுவர் நேரான கணையின் கொடுமையையும் வளைந்த யாழின் இனிமையையும் எதிரெதிரே நிறுத்தினார். அந்தக் குறளின் அறம் இருக்கட்டும். இயற்பியல் சற்று வேறு. நாண் தள்ளும் விசையில் அம்பின் தண்டு வளைந்து, வில்லின் நடுத்தண்டைச் சுற்றிக்கொண்டு, மீன் நீந்துவதுபோல் இருபுறமும் நெளிந்தே செல்கிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க அறிவியலாளர் அதிவேகப் படக்கருவியால் இதைப் படம் பிடித்துக் காட்டினார். வில்லின் வலிமைக்கேற்ற நெகிழ்வு இல்லாத அம்பு, எவ்வளவு நேராகச் சீவப்பட்டிருந்தாலும் குறியைச் சேராது.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடக்கூடாது. அம்புக்குள் செல்ல வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பி அதைப் பிளந்துவிடும். பயிற்சிக் களத்தில் முதல் நாள் சொல்லித்தரப்படும் விதி இது. வெறும் உணர்ச்சியை இழுத்து விடும் கவிதைகளைப் பற்றி இவ்வவையில் எவரும் இதை உவமையாக எடுத்துக்கொண்டால் அதற்கு வில்வித்தை பொறுப்பன்று.

நெடுநாள் பழகியவர்களைப் பிடிக்கும் நோய் ஒன்றும் உண்டு. கண் குறியில் படிந்தவுடன் கை தன்னிச்சையாக விட்டுவிடும். அல்லது குறிக்குச் சற்றுக் கீழே வந்து உறைந்துபோய் நகர மறுக்கும். தேர்ந்த வில்லாளர் பலரை இது களத்தைவிட்டே விரட்டியிருக்கிறது. இதற்குத் தரப்படும் மருந்து விந்தையானது. குறியை எடுத்துவிடுகிறார்கள். ஐந்தாறு அடி தூரத்தில் வெறும் வைக்கோல் அணையை நிறுத்தி, சில சமயம் கண்ணையும் மூடிக்கொண்டு, வாரக்கணக்கில் எய்யச் சொல்கிறார்கள். புள்ளி இல்லாத இடத்தில்தான் விடுகை மீண்டும் பழகுகிறது.

இந்த இடத்தில் ஜப்பானிய வில்லையும் ஜென்னையும் இணைத்து ஜெர்மானியர் ஆய்கன் ஹெரிகல் 1948இல் வெளியிட்ட சிறு நூல் பலருக்கு நினைவு வரக்கூடும். குறி நோக்காமலே எய்யும் மெய்ஞ்ஞானத்தை அது உலகெங்கும் பரப்பியது. அழகிய நூல், ஆனால் முழுதும் நம்பத்தக்கதன்று. யமதா ஷோஜி என்ற ஜப்பானிய ஆய்வாளர், ஹெரிகலுக்கு ஜப்பானிய மொழி தெரியாததையும், மொழிபெயர்ப்பாளர் இல்லாத வேளையில் ஆசிரியர் கூறியவையே பெரும் மறைபொருளாக அந்நூலில் மாறியிருப்பதையும் பின்னாளில் எடுத்துக்காட்டினார். கீழைநாட்டு வில்லில் தத்துவம் தேடி வருவோருக்குத் தத்துவம் எப்படியும் கிடைத்துவிடுகிறது. தோள்வலி அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

மலையில் வில் பழகுவது சமவெளியில் பழகுவதினின்றும் வேறுபட்டது. உதகை கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அம்பைத் தடுக்கும் காற்றும் அந்த அளவுக்கு மெலிந்திருக்கும். சென்னையில் அளவு வைத்துக்கொண்டு வந்தவர் இங்கு மீண்டும் அளவு வைக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில் நின்றால் இன்னொன்றும் விளங்கும். மேல்நோக்கி எய்தாலும் கீழ்நோக்கி எய்தாலும், சமதளக் கணக்குப்படி குறிவைத்த அம்பு இலக்குக்கு மேலேயே போகும். புவியீர்ப்பு கணக்கில் கொள்வது கிடைமட்டத் தொலைவை மட்டுமே. சரிவின் நீளத்தை அன்று. பள்ளத்தைப் பார்த்து எய்பவர் இன்னும் தாழ்த்திக் குறிவைக்க வேண்டும் என்பதை அறிவு ஒப்புக்கொள்ளும். கை ஒப்புக்கொள்ளச் சில மாதங்கள் பிடிக்கும். ஆனி ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து ஏறிவரும் மூடுபனி இறகைத் துவள வைக்கும். எனவே மலையில் இறகுக்குப் பதில் நெகிழித் தகடு ஒட்டிய அம்பே நலம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இலக்கின் பின்னே என்ன இருக்கிறது என்பதை அறியாமல் தேயிலைக் காட்டில் எவரும் வில்லை வளைக்கலாகாது. கொழுந்து பறிக்கும் பெண்கள் செடிகளுக்கிடையே குனிந்திருப்பார்கள். காட்டெருமை ஒன்றும் நின்றிருக்கக்கூடும். மண்மேடு பின்னணியாக அமைந்த இடமே களம்.

ஏகலைவன் பற்றியும் ஒரு சொல். அவன் கட்டைவிரலைப் பாடாத தமிழ்க் கவிஞர் குறைவு. ஒலிம்பிக் களத்தில் இன்று எய்பவர் யாரும் கட்டைவிரலால் நாணை இழுப்பதில்லை. சுட்டுவிரல் அம்பின் மேலும், அடுத்த இரு விரல்கள் கீழுமாக மூன்று விரல்களே இழுக்கின்றன. மங்கோலியர், கொரியர், ஜப்பானியர் முதலிய ஆசிய மரபுகளில்தான் கட்டைவிரல் தலைமை வகித்தது. விரலை இழந்த பின்னும் ஏகலைவன் எஞ்சிய விரல்களால் எய்தான், ஆனால் பழைய வேகம் இல்லை என்று மகாபாரதமே சொல்கிறது. கவிதைகள் அந்தச் செய்தியை எடுத்துக்கொள்ளவில்லை. அவன் வெட்டிக்கொடுத்ததோடு அவை நின்றுவிடுகின்றன. அவன் மறுநாள் காலையில் மீண்டும் வில்லை எடுத்தான் என்பதை விட்டுவிடுகின்றன. இராஜஸ்தானத்துப் பழங்குடியில் பிறந்து, மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பாராம் 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நின்றார். 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் 30 மீட்டர்ப் பிரிவில் அன்றைய உலகச் சாதனையைச் சமன் செய்தார். மறுநாள் காலை என்று சொன்னது இதைத்தான்.

ஆனால் இங்கே ஒரு முள் இருக்கிறது. ஒலிம்பிக் இலக்கு 70 மீட்டர் தொலைவில் நிற்கிறது. அதன் நடுப்பொன் வட்டத்தில் பத்து மதிப்பெண் தரும் பகுதியின் விட்டம் 12.2 சென்டிமீட்டர். அதைத் தொடக்கூடிய கார்பன் வில்லும் அம்புகளும் இலட்ச ரூபாய்க்கு மேல் போகின்றன. தலைமுறை தலைமுறையாக வில் பிடித்தவர்களின் பிள்ளைகளுக்கு வில் எட்டாப் பொருளாகிவிட்டது. 1877இல் நீலகிரியோடு சேர்க்கப்பட்ட கூடலூர், பந்தலூர்ப் பகுதி வயநாட்டின் கிழக்குத் துண்டு. அந்த வயநாட்டில்தான் 1802 அக்டோபரில் தலக்கல் சந்துவின் தலைமையில் குறிச்சியர் வில்லேந்திச் சென்று பனமரம் கோட்டையில் கும்பினிப் படையை வீழ்த்தினார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு வில் எடுப்பது குற்றம். அச்சட்டம் தேவையானதே. ஆனால் வேட்டை போன பிறகு அந்தக் கைகளில் என்ன வைப்பது என்று சட்டம் சொல்லவில்லை. கொல்லிமலையில் ஆடிப் பதினெட்டையொட்டி நடைபெறும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி நடத்துகிறார்கள். ஆண்டுக்கொரு முறை என்றாலும் அது ஒரு விடை.

கொல்லாத வில் தமிழுக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் உள்துளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் இசைக்கிறான். வள்ளுவர் எதிரெதிரே நிறுத்திய கணையும் யாழும் அங்கே ஒரே வீட்டுப் பிள்ளைகள். தென்கோடியில் குடத்தின்மேல் சாத்திய வில்லில் மணி கோத்து, வீசுகோலால் அடித்துக் கதை சொல்லும் வில்லுப்பாட்டை 2022இல் மறைந்த சுப்பு ஆறுமுகம் வானொலி வழியே தமிழகம் முழுவதற்கும் கொண்டுசென்றார். அது அனைவரும் அறிந்தது.

பலர் அறியாதது, உதகைக்கு அருகிலேயே உள்ள வில். தோடர்கள் வேட்டையாடாதவர்கள், புலால் உண்ணாதவர்கள், எருமையும் பாலும் அவர்கள் வழிபாட்டின் நடுவிடம். ஆயினும் அவர்கள் வாழ்வில் வில் இருக்கிறது. 1901-02இல் அவர்களிடையே தங்கி, 1906இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் அச்சடங்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பெண் கருவுற்று ஏழாம் மாதம் அளவில், மந்துக்கு அப்பால் ஒரு சோலையில், மரமொன்றின் தண்டில் சிறு மாடம் வெட்டி அதில் விளக்கு வைக்கிறார்கள். ஆண், புவ் என்னும் புதர்ச்செடியின் கிளையை வளைத்து வில் செய்கிறான். நார்க் என்னும் புல்லின் தாளை அம்பாக வைக்கிறான். அதை அவளிடம் கொடுக்கிறான். அவள், உன் வில்லின் பெயர் என்ன என்று கேட்கிறாள். தோடர் குலங்கள் ஒவ்வொன்றுக்கும் வில்லுக்கு வெவ்வேறு பெயர் உண்டு. அவன் தன் குலத்து வில்லின் பெயரைச் சொல்கிறான். மூன்று முறை கேள்வி. மூன்று முறை விடை. பின் அவள் அந்த வில்லையும் அம்பையும் கையில் ஏந்தியபடி, நெடுநேரம் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவ்வளவுதான். ஆனால் இதன் விளைவு பெரிது. வில்லைக் கொடுத்தவனே பிறக்கும் குழந்தையின் தந்தை. உடன்பிறந்தோர் பலர்க்கு ஒரு மனைவி என்னும் வழக்கம் இருந்த காலத்தில், தந்தை யார் என்பதை உடல் தீர்மானிக்கவில்லை. இந்தப் புல்லம்பு தீர்மானித்தது. அடுத்து இன்னொருவன் வில் கொடுக்கும்வரை அவள் பெறும் பிள்ளைகள் அனைவர்க்கும் அவனே தந்தை. அவன் இறந்துபோயிருந்தாலும் அப்படியே. பலகணவர் மணம் தோடரிடையே மறைந்துவிட்டது. வில் மறையவில்லை, இன்றும் ஏழாம் மாதச் சடங்காக அது தொடர்கிறது. இதைப் படம்பிடித்துப் போவோர் உண்டு. பழங்கால விநோதம் என்று சிரிப்போரும் உண்டு. சான்றிதழில் ஒரு பெயரை எழுதுவதால் ஒருவன் தந்தையாகிறான் என்று நம்பும் சமுதாயம், ஒரு பெண் கேட்க ஓர் ஆண் மூன்று முறை பெயர் சொல்லித் தந்தையாவதைப் பார்த்துச் சிரிக்க எந்த நியாயமும் இல்லை.

ரிவர்ஸ் பற்றிக் கவிஞர்களுக்கு ஒரு செய்தி. 1917இல் எடின்பரோவுக்கு அருகில் போர்வீரர்க்கான மனநல மருத்துவமனையில், போரை எதிர்த்து அறிக்கை விட்ட ஆங்கிலக் கவிஞர் சீக்ஃபிரிட் சசூனுக்கு மருத்துவராக இருந்தவர் இவரேதான். உதகைச் சோலைகளில் புல்லம்பைப் பதிவு செய்த அதே மனிதர், பீரங்கிகளிடையே நொறுங்கிய கவிஞர் ஒருவரின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார்.

எமனோ தொகுத்த தோடர் பாடல்கள் 1971இல் நூலாயின. தோடரிடையே ஏறத்தாழ எவரும் பாட்டுக் கட்டக்கூடியவர் என்பதை அவர் வியந்து எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பொருளுக்கும் வழிவழி வந்த சொற்றொடர்கள் இரட்டை இரட்டையாக வந்து அமைகின்றன. அதுவும் தொடைதான். யாப்பிலக்கணம் வல்லார் அந்நூலைப் பார்க்க வேண்டும். தமிழில் அது இன்னும் உரிய கவனம் பெறவில்லை.

கடைசியாகப் புல்லைப் பற்றி. நீலகிரியின் உச்சி காடன்று. சோலைகளைச் சுற்றி விரிந்த புல்வெளி. எருமைகளும் தோடர்களும் வாழ்ந்தது அங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேயிலை வந்தது, கற்பூர மரம் வந்தது. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாகச் சீகை மரமும் வந்தது. பின்னர் நாடு விடுதலை பெற்ற பிறகும், புல்வெளியைத் தரிசு என்று எண்ணி அதன்மேல் மரங்களை நட்டார்கள். சீகை தானாகவே பரவிப் புல்லை மூடிற்று. தோடர் சடங்குகளுக்குரிய செடிகளையும் புற்களையும் இடங்களையும் நெடுங்காலம் அவர்களோடு நடந்து திரிந்து பதிவு செய்து, 2015இல் நூலாக வெளியிட்டவர் உதகையில் பல் மருத்துவம் பார்க்கும் தருண் சாப்ரா. புல்வெளி மீட்பிலும் அவர் ஈடுபட்டிருக்கிறார். சீகையைப் பிடுங்கிய சரிவுகளில் மலைக்குரிய புல்லைக் கற்றை கற்றையாக நட்டு, களை எடுத்து, வேர் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டிய வேலை அது. ஆண்டுகள் பிடிக்கும். அந்தப் புல் முழுவதும் அம்பாகப் போவதில்லை; ஒரு சடங்குக்கு ஒரு தாள் போதும்.